அம்மா இல்லாத இரண்டாவது பொங்கல்: எதைச் செய்வது, எதை விடுவது

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். அம்மா தவறி ஒன்றரை வருடம். கோபிசெட்டிபாளையம் (கோபி) பக்கம் தோட்டத்தில் அப்பா தனியாக இருக்கிறார். போன பொங்கலுக்கு நோம்பி, அதாவது பண்டிகை, கிடையாது என்று விட்டுவிட்டீர்கள். தீபாவளியைக் கடைப் பலகாரமும் பட்டாசுமாக எப்படியோ ஓட்டியாயிற்று. இப்போது பொங்கல் வருகிறது. "எப்பவும் போலச் செய்யலாம்" என்கிறார் அப்பா. தம்பிக்கு மனசில்லை, ஓட்டலில் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்கிறான். திருப்பூரில் இருக்கும் உங்களுக்கோ அம்மா செய்த எதுவும் முழுசாகத் தெரியாது. போகி அன்று கட்டும் காப்புக் கட்டிலிருந்து மாட்டுப் பட்டியில் வைக்கும் பட்டிப் பொங்கல் வரை எல்லாம் அவர் கையில்தான் இருந்தது. காங்கேயத்துப் பக்கம் பிறந்தவர் என்பதால் மாட்டுப் பொங்கல் என்றால் அவருக்கு உயிர். இப்போது மாடும் இல்லை, விற்றாகிவிட்டது. செய்யாமல் விட்டால் தப்பா, செய்வதென்றால் எங்கே ஆரம்பிப்பது?

தப்பில்லை. ஆனாலும் கொஞ்சமாவது செய்யுங்கள் என்றுதான் சொல்வேன். முழுசாக வேண்டாம். அம்மா செய்தது அத்தனையையும் ஒரே வருடத்தில் தூக்கி நிறுத்தப் பார்த்தால் மூன்று நாளும் வேலையிலேயே போய்விடும். கடைசியில் "அம்மா மாதிரி வரலை" என்ற ஒரு வரிதான் மிஞ்சும்.

போன வருடத்தை விட இந்த வருடம் ஏன் கடினமாக இருக்கிறது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் கேள்விக்குள் அதுவும் இருக்கிறது. நம் பக்கம் பெரும்பாலான வீடுகளில் இழவு விழுந்தால் தலைத்திவசம் முடிகிற வரை நோம்பி இல்லை. எண்ணெய்ச் சட்டி வைக்கக்கூடாது என்பார்கள். பக்கத்து வீட்டிலிருந்தும் சொந்தக்காரர்களிடமிருந்தும் பலகாரம் வந்து சேரும். வெளியிலிருந்து பார்த்தால் இது தடை மாதிரிதான் தெரியும். உள்ளே இருப்பவர்களுக்கு அது பெரிய ஒத்தாசை. சிரித்த முகத்தோடு வாசலில் நிற்க வேண்டிய கட்டாயத்திலிருந்து ஒரு வருடத்துக்கு ஊரே உங்களை விடுவித்துவிடுகிறது. யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். இரண்டாவது வருடம் அந்த ஏற்பாடு எதுவும் கிடையாது. திவசம் முடிந்தது, தீட்டுக் கழிந்தது, இனி வழக்கம் போல இருக்க வேண்டியதுதான் என்று ஊர் தன் வேலையைப் பார்க்கப் போய்விடும். அடுப்பைப் பற்றவைக்க வேண்டியவர் மட்டும் இல்லை. முதல் வருடத்தைத் தாங்கிவிட்டு இரண்டாவது வருடம் உடைகிறவர்கள் நிறையப் பேர். உங்களுக்கு ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

தீபாவளியை ஓட்ட முடிந்தது, பொங்கல் மட்டும் ஏன் மிரட்டுகிறது என்பதற்கும் காரணம் இருக்கிறது. தீபாவளியைக் கடையில் வாங்கிவிடலாம். துணி, இனிப்பு, வெடி எல்லாம் விலைக்குக் கிடைக்கும். பொங்கலை அப்படி வாங்க முடியாது. வாசல் மெழுகுவதும், பானைக்கு மஞ்சள் கொத்துக் கட்டுவதும், பால் பொங்குகிற நேரம் பார்த்து எல்லோரையும் கூப்பிடுவதும் ஒருவர் நின்று செய்கிற வேலைகள். அந்த ஒருவர் யார் என்பது அன்றைக்குத்தான் நன்றாகத் தெரியும்.

துக்கத்தைப் பற்றி வெளியே சுற்றும் பேச்சு ஒன்றையும் இங்கேயே தள்ளி வைத்துவிடுகிறேன். "ஐந்து கட்டங்கள் இருக்கின்றன, கடைசியில் ஏற்றுக்கொண்டு விடுவீர்கள்" என்று யாராவது வாட்ஸ்ஆப்பில் அனுப்பியிருப்பார்கள். எலிசபெத் கூப்லர் ராஸ் 1969-இல் அதை முன்வைத்தபோது, சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம் பேசியதிலிருந்துதான் எடுத்தார். பறிகொடுத்தவர்கள் படிப்படியாக ஏற வேண்டிய ஏணியாக அதைக் கொள்ள முடியாது. எனக்கு நடைமுறையில் உதவியாகப் பட்டது 1999-இல் நெதர்லாந்தின் மார்கரெட் ஸ்ட்ரோபும் ஹெங்க் ஷுட்டும் சொன்னது. இழப்பை நினைத்து அழுவது ஒரு பக்கம், மாறிப்போன வாழ்க்கைக்கான வேலைகளைப் பார்ப்பது இன்னொரு பக்கம். மனிதர்கள் இந்த இரண்டுக்கும் இடையே போவதும் வருவதுமாகத்தான் இருப்பார்கள், அதுதான் ஆரோக்கியம் என்றார்கள் அவர்கள். அதனால் காலையில் கரும்பை வெட்டும்போது சிரித்துவிட்டு, மத்தியானம் அம்மாவின் கரண்டியைப் பார்த்து அழுதால், இரண்டில் எதுவும் நடிப்பு ஆகாது. இறந்தவரோடு உள்ள உறவை அறுத்துக்கொண்டால்தான் மீள முடியும் என்ற பழைய எண்ணத்தையும் 1990-களில் ஆய்வாளர்கள் கேள்வி கேட்டார்கள். அந்த உறவு வேறு வடிவத்தில் தொடரும், தொடர்ந்தால் கெடுதல் இல்லை என்றார்கள். அமாவாசைக்கு இலை போடுகிற நமக்கு இதைச் சொல்லத் தேவையில்லைதான்.

சரி, வேலைக்கு வருவோம்.

முதலில் அப்பாவிடம் உட்கார்ந்து, அவர் சொல்கிற "எப்பவும் போல" என்பது என்ன என்று கேளுங்கள். "ஆத்தா செத்தா அப்பன் சித்தப்பன்" என்று நம் பக்கம் ஒரு பழமொழி இருக்கிறது. அது முக்கால்வாசி அப்பாக்களுக்கு அநியாயம் செய்கிற பழமொழி என்பது என் எண்ணம். அவர்கள் ஒதுங்கிப் போவதில்லை. உப்பு ஜாடி எங்கே இருக்கிறது என்று தெரியாத வீட்டில் திடீரென்று தனியாக நிற்கிறார்கள், அதைச் சொல்லவும் தெரியவில்லை. அவர் மனசில் இருக்கும் பொங்கல் நீங்கள் பயப்படும் அளவு பெரிதாக இல்லாமலும் இருக்கலாம். வாசலில் ஒரு பானை, பூசணியும் அவரையும் மொச்சையும் போட்ட குழம்பு, பேரப்பிள்ளைகள் கையில் கரும்பு, அவ்வளவுதான் கேட்கிறார் என்றால் உங்கள் பயத்தில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும். இத்தனை வருடம் அம்மா கையால் சாப்பிட்டவர். செய்முறை தெரியாது, ஆனால் சுவை தெரியும். உப்புப் பார்க்கிற வேலையை அவரிடம் கொடுங்கள்.

தம்பிக்குக் காப்புக் கட்டைக் கொடுத்துவிடுங்கள். போகி அன்று சாயங்காலம் வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் கொத்தாகக் கட்டி வாசல் நிலையிலும் கூரை இறவாரத்திலும் கிணற்று மேட்டிலும் காட்டு மூலையிலும் செருகுகிற வேலை அது. சில வீடுகளில் மாவிலையும் தும்பையும் சேர்ப்பார்கள், உங்கள் வீட்டில் என்ன என்று அப்பாவுக்குத் தெரியும். இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. படத்துக்கு முன்னால் உட்கார வேண்டியதில்லை, யாரிடமும் பேச வேண்டியதில்லை. தோட்டத்தைச் சுற்றி நடந்து வந்தால் போதும். துக்கத்தைப் பேச்சில் இறக்கிவைக்கத் தெரியாதவர்கள் வேலையில் இறக்குவார்கள். ஓட்டலுக்குப் போகலாம் என்கிற பையன் பெரும்பாலும் இந்த வகைதான். அம்மா இல்லாத அந்த வாசலைப் பார்க்க அவனால் முடியவில்லை, அதைத்தான் அப்படிச் சொல்கிறான். பூளைப்பூ வரப்போரத்தில் கிடைக்காவிட்டால் போகி அன்று ஈரோடு, திருப்பூர் மார்க்கெட்டுகளில் கட்டாகவே விற்பார்கள்.

அடுத்தது சமையல். கேள்வியில் நீங்கள் அதிகம் தவித்திருப்பது இங்கேதான். இரண்டு விஷயம் சொல்கிறேன்.

ஒன்று, அம்மா செய்தது ஆதிகாலத்திலிருந்து அப்படியே வந்த சங்கதி இல்லை. காங்கேயம் மானாவாரிப் பூமி. கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலமும் அதைச் சுற்றிய கிளுவை வேலியும், கம்பும் கொள்ளும், மாடும். கோபியோ கொடிவேரி அணையிலிருந்து தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களில் தண்ணீர் வந்து நெல் விளைகிற பூமி. அங்கே பிறந்து இங்கே வாக்கப்பட்டு வந்த பெண் அவர். மாமியார் வீட்டு முறையில் பாதியை எடுத்துக்கொண்டு, அம்மிச்சி (உங்கள் அம்மாவின் அம்மா) வீட்டு முறையில் பாதியைக் கொண்டுவந்து, இரண்டையும் கலந்து நடத்தியதைத்தான் நீங்கள் "எங்கள் வீட்டு வழக்கம்" என்கிறீர்கள். வந்த முதல் சில பொங்கலுக்கு அவர் சமையலையும் யாரோ குறை சொல்லித்தான் இருப்பார்கள். உங்கள் காலத்தில் அதில் கொஞ்சம் திருப்பூர் சேர்ந்தால் எந்தக் குற்றமும் இல்லை.

இரண்டாவது, கற்றுக்கொள்கிற விதம். உங்கள் பெரியம்மாவோ, அம்மாவோடு தோட்டத்தில் வேலை பார்த்த அக்காவோ, பக்கத்துத் தோட்டத்துக்காரரோ, அம்மாவின் கைப்பக்குவம் தெரிந்தவர் ஒருவராவது இருப்பார். அவரிடம் போனில் "எவ்வளவு போடணும்" என்று கேட்காதீர்கள். "ஒரு கை, கொஞ்சூண்டு, கண்ணளவு" என்றுதான் பதில் வரும். அவர்கள் மறைப்பதில்லை, அளவு அவர்கள் கையில்தான் இருக்கிறது. பொங்கலுக்கு ஒரு வாரம் முன்பாக ஒரு நாள் வரச் சொல்லி, அவர்கள் கையால் எடுக்கச் சொல்லுங்கள். எடுத்ததைச் சமையலறைத் தராசில் வைத்து எழுதிக்கொள்ளுங்கள். வீடியோ எடுத்தால் முகத்தை விடக் கையை எடுங்கள். மாவு எப்படித் தளர்கிறது, பாகு எப்படி வழிகிறது என்பதை எழுத்தில் பிடிக்க முடியாது.

அந்தப் பெரியம்மா கணவரை இழந்தவராக இருந்தால், பொங்கல் பானையை அவர் தொடக்கூடாது என்று சொல்ல ஓர் உறவாவது வரும். அம்மாவை இழந்த அப்பாவை யாரும் ஒதுக்குவதில்லை, அவர் தாராளமாகச் சாமி கும்பிடலாம். அதே இழப்பு ஒரு பெண்ணுக்கு நேர்ந்தால் மட்டும் அவள் சமையலறையோடு நிற்க வேண்டுமாம். வழக்கத்தில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று கேட்டீர்களே, விட வேண்டியதில் இது முதலாவது. உங்கள் அம்மாவின் கூடப்பிறந்தவர் கையால் பானை அடுப்பேறட்டும்.

சர்க்கரைப் பொங்கலுக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன், எல்லா வீட்டுக்கும் பொதுவாக ஒத்துவரும். பச்சரிசி ஒரு பங்கு, பாசிப்பருப்புக் கால் பங்கு, வெல்லம் ஒன்றரையிலிருந்து இரண்டு பங்கு. அரிசி நன்றாகக் குழைந்த பிறகுதான் வெல்லம் போட வேண்டும். முன்னாலேயே போட்டால் அரிசி அதற்கு மேல் வேகாமல் நறுக்கென்றே நின்றுவிடும். வெல்லத்தைத் தண்ணீரில் கரைத்து வடிகட்டி ஊற்றுங்கள், மண் இருக்கும். உங்களுக்கு நல்ல வெல்லத்துக்கு அலைய வேண்டியதில்லை. சித்தோட்டில் வெல்லச் சந்தையே இருக்கிறது, நாட்டுச் சர்க்கரைக்குக் கவுந்தப்பாடி. பழனி பஞ்சாமிர்தத்துக்கே அங்கிருந்துதான் போகிறது.

வெல்லம் கொதிக்கிற வாசனையில் நீங்கள் உடைந்துவிடலாம் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பார்வையும் ஒலியும் மூளையில் தலாமஸ் என்ற இடைப் பகுதியைக் கடந்துதான் மேலே போகின்றன. வாசனை அந்தச் சுற்று இல்லாமல், உணர்ச்சியையும் நினைவையும் கையாளும் பகுதிகளை நேராகவே எட்டிவிடுகிறது. போட்டோவைப் பார்த்து அழாதவர் தாளிக்கிற வாசனையில் அழுவது அதனால்தான். அப்போது அடுப்பைப் பார்த்துக்கொள்ள இன்னொருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

பலகாரத்தில் ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஒப்புட்டு (போளி), கச்சாயம், முறுக்கு, எள்ளுருண்டை என்று அம்மா அடுக்கியிருப்பார். அவருக்குப் பல வருடப் பழக்கம், உங்களுக்கு முதல் வருடம். என்னைக் கேட்டால் சந்தகை, இடியாப்பம் மாதிரிப் பிழிவது. நோம்பிப் பலகாரம் என்று அதைத் தனியாகச் சொல்ல மாட்டார்கள், விருந்தாளி வந்தால் செய்வது. ஆனால் அதைத் தனியாளாகச் செய்ய முடியாது, அதற்காகவே சொல்கிறேன். வெந்த மாவு சூடாக இருக்கும்போதே ஒருவர் மிஷினை அழுத்தித் திருகப் பலம் வேண்டும், இன்னொருவர் கீழே தட்டை வைத்து வாங்க வேண்டும், மூன்றாமவர் தேங்காய்ப்பால் எடுக்க வேண்டும். ஆறிவிட்டால் மாவு இறங்காது, அதனால் யாரும் மூலையில் போய் உட்கார்ந்து யோசிக்க நேரம் இருக்காது. தம்பி திருகட்டும், உங்கள் பிள்ளைகள் தட்டை வாங்கட்டும், அப்பா தேங்காய் துருவட்டும். ஒப்புட்டுதான் வேண்டும் என்று மனசு சொன்னால் தடுக்க மாட்டேன். ஒரே ஒரு எச்சரிக்கை, கடலைப்பருப்பை நசுங்குகிற பதத்தில் இறக்கித் தண்ணீரைச் சுத்தமாக வடித்துவிடுங்கள். குழைந்துவிட்டால் பூரணம் இளகி மேல்மாவைக் கிழித்துக்கொண்டு வரும்.

பட்டிப் பொங்கல் உங்களுக்குப் பெரிய வலி என்று தெரிகிறது. சாணியில் வரப்புக் கட்டித் தெப்பக்குளம் செய்து, தண்ணீர் விட்டு, பூப்போட்டு, கன்றை மிதித்துப் போகவிடுவது மாடு இல்லாத பட்டியில் எப்படி நடக்கும்? வெறும் கொட்டகையில் பொம்மை மாடு வைத்துச் செய்ய வேண்டாம், அது அப்பாவை இன்னும் வாட்டும். அக்கம்பக்கத்தில் மாடு வைத்திருக்கும் தோட்டத்தில் கேளுங்கள், "நாங்களும் வந்து கலந்துக்கறமுங்க" என்று. யாரும் மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள். ஒரு படி அரிசியும் வெல்லமும் கொண்டுபோய் அவர்கள் பானையில் சேர்த்துவிடுங்கள். தெப்பக்குளம் கட்டுகிற வேலையை உங்கள் அப்பா எடுத்துக்கொள்வார் என்று நினைக்கிறேன். அம்மா சொல்லச் சொல்லக் கட்டியவர் அவராகத்தானே இருக்கும்.

காணும் பொங்கல் அன்று பூப்பறிக்கிற நோம்பி உங்கள் ஊரில் இன்னும் நடந்தால் மகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். நடக்கவில்லை என்றால் விடுங்கள், அதை ஒற்றை ஆளாக உயிர்ப்பிக்க முடியாது.

அம்மாவுக்குப் படைப்பது பற்றி. சாமி கும்பிடும்போது ஓர் இலை அவருக்குப் போட்டு, ஒரு புதுச் சேலை வைத்துக் கும்பிடலாம், பல வீடுகளில் உள்ள வழக்கம்தான். அந்தச் சேலையை அப்புறம் பீரோவில் பூட்டிவைக்காமல் பெரியம்மாவுக்கோ தோட்டத்து அக்காவுக்கோ கொடுத்துவிடுங்கள். இலையில் அவருக்குப் பிடித்ததை வையுங்கள். பிடித்தது என்னவென்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை, எல்லோருக்கும் பிடித்ததைத்தான் அவர் செய்தார் என்று தெரியவந்தால், அதையும் அன்றைக்குப் பேசுங்கள். நிறைய வீடுகளில் அப்படித்தான் இருக்கிறது, சொல்லவே சங்கடமாக இருக்கிறது. தை அமாவாசைக்குத் தம்பி பவானி கூடுதுறை போய் எள்ளும் தண்ணீரும் விடுவதாக இருந்தால் நீங்களும் கூடப் போங்கள். பெண்பிள்ளை எதற்கு என்று கேட்டால், கூடத் துணைக்கு என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள், இந்த இடத்தில் சண்டை வேண்டாம்.

சீர் பற்றி நீங்கள் எழுதவே இல்லை. எழுதாததால்தான் எனக்குச் சந்தேகம். அம்மா இருந்தவரை பொங்கலுக்கு அரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள் கொத்து, சேலை என்று வண்டியில் வந்து இறங்கியிருக்கும். இனி அதைத் தம்பிதான் செய்ய வேண்டும். அவனுக்கு என்னென்ன என்று தெரிந்திருக்க வாய்ப்பு இல்லை. கவரில் பணத்தை வைத்துக் கொடுப்பான், உங்களுக்குத் தூக்கிவாரிப் போடும். வாங்கிக்கொள்ளுங்கள் அம்மணி. அதை வைத்து அம்மாவோடு அவனை ஒப்பிட்டுப் பேசிவிட்டால் திரும்ப எடுக்க முடியாது. வேண்டுமானால் முன்கூட்டியே போன் செய்து, "ஒரு ஜோடிக் கரும்பும் மஞ்சள் கொத்தும் மட்டும் வாங்கிட்டு வாடா, எனக்கு அது போதும்" என்று சொல்லிவிடுங்கள். கேட்டு வாங்கினால் சீருக்கு மதிப்புக் குறைந்துவிடும் என்பது நாமாக நினைத்துக்கொள்வது.

அம்மாவின் போன் யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள். அதில் அவர் அனுப்பிய குரல் பதிவுகள் இருந்தால் நோம்பிக்கு முன்னால் கம்ப்யூட்டரிலோ இன்னொரு இடத்திலோ ஏற்றி வைத்துவிடுங்கள். ரீசார்ஜ் செய்யாமல் விட்ட எண் சில மாதங்களில் வேறு யாருக்காவது போய்விடும். பழைய போன் ஒருநாள் உயிர்பெறாமலே போகும். அதைக் கேட்க இப்போது மனசு வராவிட்டால் கேட்க வேண்டாம், எடுத்து மட்டும் வையுங்கள்.

இன்னொன்று, அப்பாவைக் கொஞ்சம் கவனியுங்கள். அழுவதும் பெருமூச்சு விடுவதும் பிரச்சினை இல்லை. ஆறு மாதம், ஒரு வருடம் தாண்டியும் நாள் முழுக்க அதே நினைப்பாக, சாப்பாடு இறங்காமல், தோட்டத்து வேலையையும் விட்டுவிட்டு, உயிரோடு இருந்து என்ன என்று பேச ஆரம்பித்தால், வயசாகிவிட்டது என்று தள்ளிவிடக் கூடாது. நீடித்த துக்கம் என்பதை ஒரு நோய்நிலையாகவே இப்போது மருத்துவம் வகைப்படுத்துகிறது. 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் அது இருக்கிறது. அதற்குச் சிகிச்சையும் உண்டு. டெலி மானஸ் என்ற அரசு உதவி எண் 14416-க்கு எந்த நேரத்திலும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள். அப்பா பேச மாட்டார் என்றால் அவருக்காக நீங்கள் பேசிக் கேட்கலாம். உங்களுக்காகவும் பேசலாம்.

கடைசியாக ஒரு கைவேலை. சந்தகை மிஷின் தோட்டத்து வீட்டுப் பரணில்தான் இருக்க வேண்டும். அம்மாவுக்குப் பிறகு யாரும் எடுத்திருக்க மாட்டார்கள், தட்டின் ஓட்டைகளில் பழைய மாவு காய்ந்து அடைத்திருக்கும். ஒரு ராத்திரி வெந்நீரில் ஊறப்போட்டுவிட்டுத் துடைப்பக் குச்சியால் குத்தி எடுங்கள். பித்தளையாக இருந்தால் புளி போட்டுத் தேயுங்கள். திருகுகிற இடத்தில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய். போகிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் மாவை வைத்து ஒருமுறை பிழிந்து பார்த்துவிடுங்கள். திருகு மரை தேய்ந்திருந்தால் கோபியிலேயே பாத்திரக் கடையில் புதிதாக வாங்க நாள் இருக்கும்.